ஐந்து மாதம் வீங்கிய முழங்கால்: பாலக்கோடு பகுதிக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெண் குழந்தை, வயது நாலரை, தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்துக் கிராமம் ஒன்று. எடை 14.2 கிலோ, உயரம் 99 செ.மீ. வலது முழங்கால் வீங்கி ஐந்து மாதம் ஆகிறது. காய்ச்சல், தோல் தடிப்பு, எடைக் குறைவு எதுவும் இல்லை. வலிக்கிறது என்று குழந்தை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி, தாய் சொன்ன ஒரு வரியிலேயே இருந்தது: "காலைல எந்திரிச்சா நொண்டுறா சார். பத்து மணிக்கு மேல பாத்தீங்கன்னா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஓடுறா."

இது தனி ஒரு குழந்தையின் கோப்பு அல்ல. இந்தப் பக்கத்தில் இளம்பருவ மூட்டழற்சியோடு வரும் பிள்ளைகளிடம் மீண்டும் மீண்டும் காணும் அம்சங்களைச் சேர்த்து, கற்பிப்பதற்காகத் தொகுத்த நிகழ்வு. மருந்தளவுகளும் அளவீடுகளும் நடைமுறையில் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வருவதற்கு முன் நடந்தவை

திண்ணையிலிருந்து குழந்தை விழுந்ததாகவும் அதற்கு மறுநாள் வீக்கம் தெரிந்ததாகவும் ஆயா சொன்னார். நாலு வயதுக் குழந்தை விழாத நாள் ஏது? ஏற்கெனவே வீங்கிய கால் தடுமாறி விழவைத்ததா, விழுந்ததால் வீங்கியதா என்பதை யாரும் கேட்கவில்லை. சுளுக்கு என்று எண்ணெய் தடவி, மூங்கில் தப்பை வைத்து மூன்று வாரம் கட்டினார்கள். கட்டைப் பிரித்தபோது கால் முழுதாக நீளவில்லை.

அடுத்து ஒரு கிளினிக்கில் ஐந்து நாள் வலிநிவாரணி கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது, மருந்து தீர்ந்ததும் திரும்பியது. மூன்றாவதாகப் பார்த்த இடத்தில் கவனம் தண்ணீர்ப் பக்கம் போனது. பதினொரு வயது அண்ணனின் பற்களில் பழுப்புக் கறை இருந்தது. வீட்டு ஆழ்குழாய் நீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.1 மி.கி. "உப்புத் தண்ணிதான் காரணம்" என்று முடிவானது. கூடவே ‘ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ் பேனல்’ என்ற, ஆக்சிஜனேற்றச் சேதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு பெங்களூருக்கு மாதிரி அனுப்பப்பட்டது. அந்தச் சேதத்தின் கழிவான, எம்.டி.ஏ. எனப்படும் மாலோன்டையால்டிஹைடு மேல்வரம்பின் ஏறத்தாழ இரு மடங்கு, சேதத்தைத் தடுக்கும் குளுட்டாதையோன் குறைவு, அதே வேலை செய்யும் எஸ்.ஓ.டி. நொதி சற்று அதிகம். அறிக்கையின் அடியில் ஆன்டிஆக்ஸிடன்ட் தேவை என்று அச்சடித்திருந்தது. வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம் கலந்த சிரப்பும், "ரத்தம் கம்மி" என்பதற்காக இரும்புச்சத்து சிரப்பும் இரண்டரை மாதம் ஓடின.

எம்.டி.ஏ. அதிகம் என்பது பொய்யில்லை. அதைக் காரணமாக எடுத்துக்கொண்டதில்தான் தவறு நேர்ந்தது.

பரிசோதனை

வலது முழங்கால் சூடாக இருந்தது, சிவப்பு இல்லை. புறங்கையை முதலில் தொடையிலும் பிறகு முழங்கால் சில்லின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். நலமான முழங்கால் அதைச் சுற்றியுள்ள சதையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். இரண்டும் ஒரே சூடு என்றாலே மூட்டில் அழற்சி இருக்கலாம் என்று கொள்ளலாம். 15 டிகிரி மடக்கம் நிலைத்துவிட்டது. தொடைத் தசை இடதைவிட 1.5 செ.மீ. சுற்றளவு குறைவு. வலது கால் 1 செ.மீ. நீளம் கூடுதல், அழற்சியால் ரத்த ஓட்டம் கூடி வளர்ச்சித் தட்டு முந்திக்கொண்டிருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் நோய் மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது என்று பொருள். ஒருநாள் விழுந்ததால் இவை வராது. இடது கணுக்காலிலும் லேசான வீக்கம் இருந்தது, அதை வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை.

ஹீமோகுளோபின் 9.4, தட்டணு 5.1 லட்சம், அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 48, சி.ஆர்.பி. லிட்டருக்கு 18 மி.கி., உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 84. ஏ.என்.ஏ. (தன் அணுக்களின் உட்கருவையே குறிவைக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ், முடக்குவாதக் காரணி நெகட்டிவ். ரத்தப் பூச்சில் சந்தேகப்படும்படியான அணுக்கள் இல்லை. லுக்கேமியா (ரத்தப் புற்று) மூட்டு வலியாகவே தலைகாட்டும் என்பதால், ஸ்டீராய்டைத் தொடுவதற்கு முன் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. இரவில் எழுப்பும் எலும்பு வலி, வீக்கத்துக்குப் பொருந்தாத அளவு வலி, ஈ.எஸ்.ஆர். ஏறியிருக்கும்போது தட்டணு குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மஜ்ஜை பார்த்த பிறகே அடுத்த வேலை.

ஒற்றை மூட்டு மாதக்கணக்கில் வீங்கினால் நம் ஊரில் காசநோயை விலக்கியாக வேண்டும். மாண்டோ தோல் பரிசோதனை, நெஞ்சுப் படம் இரண்டும் தெளிவு. மூட்டு நீரில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபினாட் நெகட்டிவ், கிருமி வளரவில்லை. அதே நீரில் வெள்ளணு ஒரு கன மில்லிமீட்டருக்கு 14,000, அதில் 60 சதவீதம் நியூட்ரோஃபில்.

அந்த நீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நலமான மூட்டு நீரை ஊசி முனையிலிருந்து சொட்டவிட்டால், வெல்லப்பாகு கம்பிப் பதத்தில் இழுபடுவதுபோல மூன்று நான்கு செ.மீ. நூலாக நீண்டு பிறகுதான் அறும். இந்தக் குழந்தையின் நீர் மஞ்சளாக, கலங்கலாக, தண்ணீர்போலச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பதம் போய்விட்டது. நூலாக இழுபடவைப்பது ஹயலூரானிக் அமிலம் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறு. சூப்பராக்சைடு என்ற தீவிர ஆக்சிஜன் வடிவத்திலிருந்து கிளம்பும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்கள் எனப்படும், எதையும் தாக்கும் மூலக்கூறுகள்) அதைத் துண்டாடுகின்றன, எஸ்.ஓ.டி. நொதி அதைத் தடுக்கிறது என்பதை 1974-இலேயே மெக்கார்ட் காட்டினார். பெங்களூருக்கு ரத்தம் அனுப்பாமலே ஆக்சிஜனேற்றச் சேதத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் இந்த ஊசிமுனைதான்.

முடிவு: சில மூட்டு வகை இளம்பருவ மூட்டழற்சி, ஏ.என்.ஏ. பாசிட்டிவ். 16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடித்து, வேறு காரணம் இல்லாத மூட்டழற்சியைத்தான் இளம்பருவ மூட்டழற்சி (ஜே.ஐ.ஏ.) என்கிறோம். முதல் ஆறு மாதத்தில் நான்கு மூட்டுக்கு மேல் போகாவிட்டால் அது இந்த வகையில் சேரும்.

கண்

கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை, குழந்தைக்குப் பார்வையில் குறையும் தெரியவில்லை. ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் வலது கண்ணின் முன்னறையில் அழற்சி அணுக்கள் ‘ஒரு பிளஸ்’ அளவில் இருந்தன. ஏ.என்.ஏ. பாசிட்டிவான சின்னப் பிள்ளைகளிடம் யுவியைட்டிஸ் (கண்ணுக்குள் அழற்சி) இப்படித்தான் சத்தமில்லாமல் இருக்கும். தெரியவரும்போது கண்பாவை ஓரம் ஒட்டி, புரை விழுந்து, கண் அழுத்தம் ஏறியிருக்கும். சிரப் குடித்த இரண்டரை மாதத்தில் உண்மையான இழப்பு முழங்காலைவிட இங்கேதான் நேர்ந்திருக்கக்கூடும். டார்ச் அடித்துப் பார்த்து "கண் நல்லா இருக்கு" என்று எழுதுவது பரிசோதனை ஆகாது.

மூட்டுக்குள் நடப்பது

வீங்கிய மூட்டுக்குள் அழுத்தம் அதிகம். குழந்தை நடக்கும்போது அது இன்னும் ஏறி, மூட்டுச் சவ்வின் நுண்குழாய்களை நசுக்குகிறது. ரத்தம் நின்று ஆக்சிஜன் வறட்சி வருகிறது. உட்கார்ந்ததும் அழுத்தம் இறங்கி ரத்தம் திடீரென்று பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் சான்தீன் ஆக்சிடேஸ் நொதி சூப்பராக்சைடை உமிழ்கிறது. நியூட்ரோஃபில் வெள்ளணுக்களின் என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் நொதியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. சூப்பராக்சைடை எஸ்.ஓ.டி. ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். அதைக் கேட்டலேஸும், செலினியம் கொண்ட குளுட்டாதையோன் பெராக்சிடேஸும் தண்ணீராக்கும். அவை ஈடுகொடுக்காத இடத்தில், கட்டுப்படாத இரும்பு அணு பெராக்சைடைத் தொட்டால் ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கிறது. இதைத் தடுக்கும் நொதி உடலில் கிடையாது. அது செல் சவ்வின் கொழுப்பைச் சிதைக்கும்போது மிஞ்சும் கழிவுதான் எம்.டி.ஏ.

அடுப்பில் நெருப்பு இருப்பதால் புகை வருகிறது. புகையை விசிறியால் விரட்டினால் நெருப்பு அணையாது. இந்த உவமையும் முழுதாகப் பொருந்தாது, ஏனென்றால் இந்தப் புகைக்கு வேலையும் உண்டு. என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸின் ஒரு துணைப்புரதமான என்.சி.எஃப்.1 சரியாக வேலைசெய்யாத எலிகளில் தனி உறுப்புகள் குறைவாக உருவாகின்றன, ஆனால் மூட்டழற்சி கடுமையாகிறது. இது 2003-இல் வெளிவந்த முடிவு. இதே நொதி பிறவியிலேயே பழுதான நாள்பட்ட கிரானுலோமா நோய்ப் பிள்ளைகளுக்குத் தொற்றோடு அடங்காத அழற்சியும் வருகிறது. நோயெதிர்ப்பில் ஈடுபடும் டி அணுக்களுக்குக் கடிவாளம் போடுவதில் இந்தத் தனி உறுப்புகளுக்குப் பங்கு உண்டு. ஆகவே ‘மொத்தமாகத் துடைத்தெறி’ என்பது சரியான இலக்கு அல்ல.

அந்த அறிக்கையை எப்படிப் படிப்பது

எம்.டி.ஏ.வை அளக்க, தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சூடாக்கி, வரும் இளஞ்சிவப்பை 532 நானோமீட்டரில் பார்ப்பதே மலிவான முறை. அந்த நிறம் எம்.டி.ஏ.வால் மட்டும் வருவதில்லை. பிலிருபின், சில சர்க்கரைகள், வேறு ஆல்டிஹைடுகள் எல்லாம் அளவைக் கூட்டிக் காட்டும். ரத்த அணு உடைந்திருந்தால் ஹீமில் உள்ள இரும்பு குழாய்க்குள்ளேயே கொழுப்பை ஆக்சிஜனேற்றிவிடும். நாலரை வயதுக் குழந்தையின் மெல்லிய நரம்பில் 24 கேஜ் ஊசியால் இழுத்து இழுத்து எடுத்த ரத்தம் உடையாமல் இருந்தால் அது அதிர்ஷ்டம். உடனே சுழற்றிப் பிரித்து மைனஸ் 80-இல் வைக்க வேண்டிய பிளாஸ்மா, ஐஸ் பெட்டியில் ஓசூர் வழியாக பெங்களூர் போய்ச் சேர்ந்த நேரமும் கணக்கில் வர வேண்டும். குளுட்டாதையோன் இன்னும் மோசம். எடுத்த உடனே பாதுகாப்புத் திரவத்தில் கலக்காவிட்டால் குழாய்க்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து ‘குறைவு’ என்று வரும்.

‘மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்’ என்று வேறொரு எண்ணும் சில அறிக்கைகளில் வரும். அதில் பெரும்பங்கு யூரிக் அமிலத்துடையது. பிள்ளைகளுக்கு யூரிக் அமிலம் இயல்பிலேயே பெரியவர்களைவிடக் குறைவு. பெரியவர் வரம்போடு ஒப்பிட்டால் நலமான குழந்தையும் குறைபாட்டுக்காரியாகத் தெரிவாள். அழற்சி நேரத்தில் ரத்தத் துத்தநாகம், வைட்டமின் சி, ரெட்டினால் ஆகியவை தாமாக இறங்கும். தாமிரமும் செருலோபிளாஸ்மினும் ஏறும். உணவில் குறை என்று இதற்குப் பொருள் இல்லை. சி.ஆர்.பி. அதிகம் இருக்கும் நாளில் இவற்றை அளப்பதே வீண்.

இரும்பு சிரப்பையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தால்தான் இரும்புக் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இவளுக்கு 84. அழற்சியைக் கிளப்பும் ஐ.எல்.-6 புரதம் கூடி, கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, இரும்பைக் கிடங்கில் பூட்டிவைத்திருக்கிறது. வாய்வழி இரும்பு இந்தப் பூட்டைத் திறக்காது, வயிறுதான் கெடும். சிரப் நிறுத்தப்பட்டது.

ஃப்ளோரைடு

இந்த மாவட்டத்தில் இந்தச் சந்தேகம் வருவது நியாயம். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு 2013-இல் தொடங்கியது. லிட்டருக்கு 1.5 மி.கி.தான் மேல்வரம்பு, இந்த வீட்டு நீர் அதைத் தாண்டுகிறது. ஃப்ளோரைடு ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டுவது விலங்கு ஆய்வுகளில் தெரிந்ததே.

ஆனால் எலும்பு ஃப்ளோரோசிஸ் பல ஆண்டுகள் குடித்த பின் முதுகு, இடுப்பு விறைப்பாகவும் எலும்பு வளைவாகவும் வரும். ஒரு முழங்காலை மட்டும் சூடாக்கி நீர் கோக்கவைக்காது, சி.ஆர்.பி.யையும் ஏற்றாது. முன்கை எக்ஸ்ரேயில் இரு எலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வில் சுண்ணம் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிய வழி, இவளுக்கு இல்லை. அண்ணனின் பல் உண்மையான ஃப்ளோரோசிஸ்தான். ஒரே வீட்டில் இரண்டு தனித்தனி நோய்கள் இருந்தன, ஒன்று கண்ணுக்குத் தெரிந்ததால் மற்றது அதன் நிழலில் மறைந்துவிட்டது.

குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் பயன்படுத்தச் சொல்லப்பட்டது. ஆழ்குழாய் நீரைக் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். களி கிண்டும் தண்ணீருக்கும் இது பொருந்தும்.

சிகிச்சை

முழங்காலில் லேசான மயக்கத்தில் நீரை முழுதாக இழுத்துவிட்டு ட்ரையாம்சினோலோன் அசிட்டோனைடு என்ற ஸ்டீராய்டு 28 மி.கி. செலுத்தப்பட்டது (கிலோவுக்கு 2 மி.கி., 40 மி.கி./மி.லி. குப்பியில் 0.7 மி.லி.). நீண்ட நாள் நிற்கும் ஹெக்சசிட்டோனைடு வகை கிடைத்தால் கிலோவுக்கு 1 மி.கி. போதும், பலனும் கூடுதல். ஊசியை உருவும்போது மருந்து தோலடியில் கசிந்தால் அங்கே குழி விழுந்து வெளுத்துவிடும். வெளியே எடுக்கும் முன் கொஞ்சம் சலைன் செலுத்தி, பிறகு இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அன்று முழுக்க ஓட்டம் கூடாது.

அழற்சியைக் குறைக்கும் வலிநிவாரணியான நாப்ராக்சென் 250 மி.கி. மாத்திரையில் பாதி, காலை இரவு உணவுக்குப் பின். நாளுக்கு கிலோவுக்கு 17.6 மி.கி. ஆகிறது, 10 முதல் 20-க்குள் இருக்க வேண்டும். ஐந்து நாள் கொடுத்து நிறுத்துவது வலிக்கு வைத்தியம். அழற்சி அடங்க நாலு வாரமாவது தொடர வேண்டும்.

கண்ணில் அழற்சி இருந்ததால் நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட். உடல் பரப்பு 0.625 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 12 மி.கி. வீதம் வாரம் 7.5 மி.கி., அதாவது 2.5 மி.கி. மாத்திரை மூன்று, வாரத்தில் ஒரே நாள். தினமும் கொடுத்துவிட்டால் எலும்பு மஜ்ஜை செத்து உயிரே போகும். இந்தத் தவறு நடக்கக் காரணம் பெரும்பாலும் சீட்டுதான். ‘1-0-0’ என்று பழக்கத்தில் எழுதினால் மருந்துக்கடையில் தினமும் என்றே கொடுப்பார்கள். கிழமையை எழுத்தில் எழுத வேண்டும். ஊர்ச் சந்தை நாளையே மருந்து நாளாக வைத்தது நன்றாக வேலை செய்தது, அந்த நாளை வீட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். மறுநாள் ஃபோலிக் அமிலம் 5 மி.கி. ஒன்று. கடைகளில் 10 மி.கி. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும் உண்டு. மாற்றிக் கொடுத்துவிட்டால் மூன்று மாத்திரை 30 மி.கி. ஆகிவிடும். ஒவ்வொரு முறையும் அட்டையில் உள்ள எண்ணைப் பார்க்கத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

ரத்தப் பரிசோதனை நாலாம் வாரத்தில், பிறகு 12 வாரத்துக்கு ஒருமுறை. மருந்து சாப்பிட்ட மறுநாள் எடுத்தால் கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. சும்மாவே ஏறித் தெரியும். சந்தைக்கு முந்தின நாள் எடுப்பது சரி. மேல்வரம்பின் இரு மடங்கைத் தாண்டினால் அந்த வாரம் நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும். போலியோ சொட்டு மருந்து முகாம் நாளில் வீட்டுக்கே வந்து கொடுத்துவிடுவார்கள் என்பதால், மெத்தோட்ரெக்சேட் உள்ளவரை உயிருள்ள தடுப்பு மருந்து வேண்டாம் என்று கிராம சுகாதார செவிலியருக்குச் சீட்டு எழுதித் தரப்பட்டது. அம்மை போட்ட வீட்டுக்குப் போய்விட்டால் அன்றே தகவல் சொல்ல வேண்டும்.

ஆன்டிஆக்ஸிடன்ட் சிரப் நிறுத்தப்பட்டதற்குப் பயனின்மை மட்டும் காரணமில்லை. மெத்தோட்ரெக்சேட் அழற்சி அணுக்களை அடக்குவதில் ஒரு பகுதி அது அந்த அணுக்களுக்குள் கிளப்பும் தனி உறுப்புகளால்தான் என்பதும், என்-அசிட்டைல் சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்தால் அந்த விளைவு மட்டுப்படுகிறது என்பதும் 2003-இல் ஆய்வகச் செல்களில் காட்டப்பட்டது. செல்லில் நடப்பதெல்லாம் குழந்தையிலும் நடக்கும் என்று இல்லை. இருந்தாலும் பலன் தெரியாத ஒன்றை, பலன் தெரிந்த ஒன்றின் குறுக்கே நிறுத்த வேண்டிய அவசியம் என்ன?

கண்ணுக்கு பிரெட்னிசோலோன் அசிட்டேட் 1 சதவீதச் சொட்டு, கண்பாவை ஒட்டாமலிருக்க விரிவாக்கும் சொட்டு. அழற்சி அடங்கும்வரை மாதாமாதம் பார்வை. சொட்டு மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

மடங்கிய முழங்காலுக்கு வீட்டில் எல்லோரும் செய்வது அடியில் தலையணை வைப்பது. குழந்தைக்குச் சுகம்தான், மடக்கம் அப்படியே உறைந்துவிடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். முழங்கால் தன் எடையிலேயே இறங்கும். பத்து நிமிடம், நாளைக்கு மூன்று முறை. காலையில் வெந்நீர் ஊற்றிவிட்டுச் செய்தால் அழுகை குறையும். இரவில் நேர்த்தாங்கி.

சாப்பாடு

மருந்துக்குப் பதிலாக அல்ல, வளர்வதற்காக. அங்கன்வாடி முட்டையில் செலினியம் இருக்கிறது, அதை அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் உண்டு. ஸ்டீராய்டு பார்த்த குழந்தைக்கு அது பெரிய வரவு. முளைகட்டி அரைத்தால் ஃபைட்டேட் குறைந்து இரும்பும் துத்தநாகமும் சேரும். களிக்குத் தக்காளிக் கடைசலோ கீரையோடு எலுமிச்சையோ சேர்க்கலாம். ஒரு கொய்யா அல்லது ஒரு நெல்லிக்காய் சிரப்பின் வைட்டமின் சி வேலையை முடித்துவிடும். வேர்க்கடலையில் வைட்டமின் ஈ. வைட்டமின் டி தனியாக 400 யூனிட்.

தொடர்ச்சி

ஆறாம் வாரம்: முழங்கால் நீர் இல்லை, மடக்கம் 5 டிகிரி. மூன்றாம் மாதம்: கண்ணில் அணுக்கள் இல்லை, சொட்டு மருந்து குறைப்பு. மருந்து நாள் மறுநாள் குமட்டல். இரவில் படுக்கும்போது கொடுக்க மாற்றியதும் அடங்கியது. ஆறாம் மாதம்: ஈ.எஸ்.ஆர். 14, சி.ஆர்.பி. 5-க்குக் கீழ், ஒரு சொட்டு இரும்பு சிரப் இல்லாமலே ஹீமோகுளோபின் 11.3. பெற்றோர் வற்புறுத்தியதால் எம்.டி.ஏ. மறுபடி பார்க்கப்பட்டது, வரம்புக்குள் வந்தது. ஒரே ஒரு மாதிரி, வேறு நாள், வேறு கையால் எடுத்தது. இதை வைத்து எதையும் நிறுவ முடியாது. எதிர்பார்த்த திசையில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பரிசோதனைக்குக் கொடுத்த பணத்தில் ஸ்லிட் லாம்ப் பார்க்கப் பலமுறை பஸ் ஏறி வந்திருக்கலாம்.

பன்னிரண்டாம் மாதம்: கால் நீள வித்தியாசம் 0.7 செ.மீ., செருப்பில் திண்டு தேவையில்லை. மெத்தோட்ரெக்சேட் தொடர்கிறது, எடை கூடியதால் அளவு மறுபடி கணக்கிடப்பட்டது. கண் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அடுத்த தேதி மாத்திரை அட்டையின் பின்புறம் எழுதி ஒட்டப்பட்டுள்ளது.